சம்பளச் சீட்டு: வீடு ஓசூரில், வேலை அத்திப்பள்ளியில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான்: மாநில எல்லை. காலை ஆறரை மணிக்கு ஓசூர் பேருந்து நிலையத்தில் வந்து நின்றால் காரணம் புரியும். தோளில் பை, கையில் டிபன் பாக்ஸ் என்று நூற்றுக்கணக்கான பேர் பெங்களூரு பக்கம் போகும் வண்டிகளுக்காக நிற்பார்கள். ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். சாயங்காலம் அதே கூட்டம் திரும்பி வரும். ஒரு நாளில் இரண்டு முறை மாநிலம் மாறுகிறவர்களின் சம்பளத்தில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு போகிறது என்பது அவர்களுக்கும் தெரிவதில்லை, பல நேரம் முதலாளிக்கும் தெரிவதில்லை.

சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் மஸ்டர், அதாவது வருகைப் பதிவேடு, எழுதப் போனவள் நான். இப்போது ஓசூரிலிருந்தபடி சிறு நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு போட்டுக் கொடுக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: ஓசூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், 14 பேர் வேலை செய்கிறார்கள். போன வருடம் எல்லை தாண்டி கர்நாடகத்தில், அத்திப்பள்ளியில் இன்னொரு ஷெட் எடுத்து அங்கே 6 பேரை வைத்தேன். ‘எல்லாவற்றையும் ஓசூர் கணக்கிலேயே காட்டிவிடுங்கள், ஒரே முதலாளிதானே’ என்கிறார் ஒரு நண்பர். ‘அங்கே தனியாகப் பதிவு வேண்டும்’ என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?
— பட்டறை உரிமையாளர், ஓசூர்

ப: இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. வருமான வரி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இந்த மூன்றும் மத்திய அரசுச் சட்டங்கள். எந்த மாநிலத்தில் வேலை செய்தாலும் விகிதம் ஒன்றுதான். பி.எஃப். தொழிலாளி பங்கு 12 சதவீதம், உங்கள் பங்கு 12 சதவீதம். ஈ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அவர்கள் பங்கு 0.75, உங்கள் பங்கு 3.25 சதவீதம். இரண்டுக்கும் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் சலான் கட்டியாக வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கவலை தந்தது நீங்கள் கேட்காத ஒன்று. 14 பேர் இருந்தவரை பி.எஃப். உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, 20 பேர் ஆனால்தான் கட்டாயம். ஆனால் அந்த 20 பேரை எண்ணும்போது கிளைகளைத் தனித்தனியாக எண்ண மாட்டார்கள். ஒரே நிறுவனத்தின் கிளை எந்த ஊரில் இருந்தாலும், எந்த மாநிலத்தில் இருந்தாலும், எல்லாம் சேர்ந்து ஒரே நிறுவனம். 14-ம் 6-ம் இருபது. அத்திப்பள்ளியில் ஆறாவது ஆள் சேர்ந்த அன்றே நீங்கள் பி.எஃப். வளையத்துக்குள் வந்துவிட்டீர்கள். இந்நேரம் பதிவு செய்திருந்தால் நல்லது. இல்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள். பின்னால் ஆய்வில் தெரிந்தால் அந்தத் தேதியிலிருந்து பாக்கி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்துக் கேட்பார்கள். தொழிலாளி பங்கையும் நீங்களே கட்ட வேண்டி வரும். விட்டுப்போன பழைய மாதங்களுக்கான அவர்கள் பங்கை அப்போது சம்பளத்தில் பிடிக்க முடியாது.

ஈ.எஸ்.ஐ.க்கு ஓசூரில் உங்களுக்கு எண் இருக்கும். அதே எண்ணின் கீழ் அத்திப்பள்ளிக்கு ஒரு துணை எண், சப்-கோடு, வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஆறு பேர் அதில் வரட்டும். அவர்களுக்கு ஏதாவது விபத்து என்றால் பக்கத்திலேயே அலுவலகம் இருக்கும்.

இனி மாநிலத்தின் பங்கு. முதலில் தொழில் வரி. தமிழ்நாட்டில் இது உள்ளாட்சிக்குப் போகிற பணம். உங்கள் பட்டறை ஓசூர் மாநகராட்சிக்குள் இருந்தால் மாநகராட்சிக்கு, சூளகிரிப் பக்கம் ஊராட்சி எல்லைக்குள் இருந்தால் அந்த ஊராட்சிக்கு. அரையாண்டுக் கணக்கு: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். அரையாண்டு வருமானம் 21,000 வரை வரி இல்லை, அதற்கு மேல் படிப்படியாக ஏறும். எப்படிப் பார்த்தாலும் அரையாண்டுக்கு 1,250 ரூபாயைத் தாண்டாது. ஏனென்றால் அரசியலமைப்பின் 276-வது பிரிவு ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்று கட்டிப்போட்டிருக்கிறது. பெரும்பாலான இடங்களில் ஆகஸ்ட் சம்பளத்திலும் ஜனவரி சம்பளத்திலும் பிடித்து, செப்டம்பர், மார்ச் முடிவதற்குள் கட்டுவார்கள்.

கர்நாடகத்தில் கதையே வேறு. அங்கே அது மாநில அரசின் வணிகவரித் துறைக்கு, மாதா மாதம். 2023 ஏப்ரலிலிருந்து மாதச் சம்பளம் 25,000-க்குக் கீழே இருந்தால் ஒன்றும் இல்லை. 25,000-மும் அதற்கு மேலும் என்றால் மாதம் 200 ரூபாய். 2025 ஏப்ரலிலிருந்து பிப்ரவரி மாதம் மட்டும் 300. ஆக ஆண்டுக்கு 2,500. அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். அதற்கு அங்கே இரண்டு சான்று வேண்டும். தொழிலாளர்களிடம் பிடித்துக் கட்டுவதற்கு ஆர்.சி., நிறுவனம் தன் பங்குக்குக் கட்டுவதற்கு இ.சி. (நம் ஊரில் இ.சி. என்றால் வில்லங்கச் சான்று என்று நினைத்துக்கொண்டு பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போய் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். இது வேறு.)

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களிடம் 24,000 ரூபாய்க்கு ஒரு டர்னர் இருக்கிறார். அத்திப்பள்ளி ஷெட்டில் நின்றால் அவருக்குத் தொழில் வரியே கிடையாது. ஓசூரில் நின்றால் அரையாண்டு வருமானம் 1,44,000, மேல்படிக்குப் போய்விடுவார். எல்லாரையும் ஓசூர் கணக்கிலேயே காட்டினால் அந்த ஆறு பேரில் 25,000-க்குக் கீழே வாங்குகிறவர்கள் கட்டத் தேவையில்லாத பணத்தைக் கட்டுவார்கள். நண்பர் சொன்ன சுலப வழியின் விலை அதுதான். அதைக் கொடுப்பது நீங்கள் இல்லை, அவர்கள்.

குறைந்தபட்ச ஊதியமும் வேலை நடக்கும் மாநிலத்தின் அறிவிப்புப்படிதான். இரண்டு மாநிலத்திலும் ஏப்ரல் 1-ம் தேதி அகவிலைப்படி மாறும், அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். தொழிலாளர் நலநிதி தொகை சிறியதுதான், ஆனால் இரண்டு மாநிலத்துக்கும் வாரியம் தனித்தனி. டிசம்பர் கணக்கு, ஜனவரியில் கட்டுவது.

கே: நான் பாகலூர். கம்பெனி ஓசூரில். ஏழு மாதம் பொம்மசந்திரா யூனிட்டுக்கு அனுப்பினார்கள், இப்போது திரும்பி வந்துவிட்டேன். சீட்டில் ‘பி.டி. 200’ என்று மாதாமாதம் இன்னும் பிடிக்கிறார்கள். ஜனவரியில் தொழில் வரி என்று வேறு பிடித்தார்கள். கேட்டால் ‘சிஸ்டத்தில் அப்படித்தான் வருகிறது’ என்கிறார்கள். இது நியாயமா அக்கா?
— வெல்டர், பாகலூர்

ப: நியாயமில்லை தம்பி. பி.டி. என்பது கர்நாடகத்தின் தொழில் வரி. நீங்கள் ஓசூருக்குத் திரும்பிய மாதத்திலிருந்து அந்த 200 உங்களுடையது.

இது எனக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் இதே தவறை நானே செய்திருக்கிறேன். 2019-ல் ஒரு தொழிற்சாலைக்குக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஃபிட்டராக இருந்தவர் அத்திப்பள்ளி யூனிட்டுக்குப் போய் அஞ்சு மாதத்தில் திரும்பி வந்தார். சம்பளம் 18,400. அப்போது கர்நாடகத்தில் வரம்பு 15,000 என்பதால் மாதம் 200 பிடித்துக்கொண்டிருந்தோம். அவர் திரும்பி வந்ததை மஸ்டரில் மாற்றினேன், பணியிடம் என்ற கட்டத்தை மாற்ற மறந்துவிட்டேன். ஏழு மாதம் ஓடியது. ஒரு நாள் அவர் மனைவி வந்தார். சீட்டுகளை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் மாத வரிசையில் அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். மேசைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பி, அந்த 200 இருந்த வரியின் மேல் விரலை வைத்து, ‘இது என்னங்க?’ என்று ஏழு தடவை கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. 1,400 ரூபாய். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குக் குறைந்த தொகை என்று போகும்போதுதான் சொன்னார்.

அந்த மாதச் சம்பளத்தோடு 1,400-ஐயும் சேர்த்துக் கொடுத்தோம். கர்நாடகத்துக்குக் கட்டியதைச் சரிக்கட்டுவது நிறுவனத்தின் பாடு, அதற்காகத் தொழிலாளியைக் காக்க வைக்கக் கூடாது. அன்றிலிருந்து நான் போடும் ஒவ்வொரு சீட்டிலும் பெயருக்குக் கீழே ‘பணியிடம்’ என்று ஒரு வரி இருக்கும். ஊர் பெயரோடு. அது தப்பாக இருந்தால் முதலில் தொழிலாளி கண்ணுக்குத்தான் படும்.

நீங்கள் செய்ய வேண்டியது: பொம்மசந்திராவுக்கு அனுப்பிய கடிதம், திரும்ப அழைத்த கடிதம், இரண்டின் தேதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடிதம் இல்லையென்றால் பஞ்ச் பதிவு போதும். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, மொத்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி ஹெச்.ஆரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். ‘சிஸ்டம்’ தானாக எதையும் பிடிக்காது. யாரோ ஒருவர் அதில் ஊரை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

கே: பாலக்கோடு என் ஊர். பி.காம். முடித்து ஒரு அலுவலகத்தில் கனடா கம்பெனி ஒன்றுக்குச் சம்பளக் கணக்கு போடுகிறேன். கம்பெனிக்கு ஒட்டாவாவில் மட்டும்தான் அலுவலகம். ஒரு பணியாளர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டினோவிலிருந்து தினமும் வந்து போகிறார். இன்னொருவர் கால்கரியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். யாருக்கு எந்த மாகாணம் என்று போடுவது? டீம் லீடரும் தடுமாறுகிறார்.
— வாசகி, பாலக்கோடு

ப: உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன் கண்ணு. பாலக்கோட்டிலிருந்து ஒரு பெண் கால்கரிக்காரர் சம்பளத்துக்குக் கணக்கு போடுகிறாள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஒட்டாவாவும் கட்டினோவும் நம் ஓசூர், அத்திப்பள்ளி மாதிரிதான். நடுவில் சுங்கச்சாவடிக்குப் பதில் ஆறு. ஒட்டாவா ஒன்டாரியோ மாகாணம், கட்டினோ கியூபெக் மாகாணம். அங்கே முதல் கேள்வி, இந்த ஆள் நிறுவனத்தின் எந்த இடத்துக்கு நேரில் வந்து வேலை செய்கிறார் என்பது. அந்த இடம் இருக்கும் மாகாணம்தான் அவருடைய ‘வேலை மாகாணம்’. கட்டினோக்காரர் ஒட்டாவா அலுவலகத்துக்கு வருகிறார், ஆகவே ஒன்டாரியோ. வீடு எங்கே என்பதைப் பார்க்காதீர்கள்.

இதைத் தப்பாகப் போட்டால் என்ன ஆகும்? கியூபெக் என்று போட்டுவிட்டால் ஓய்வூதியப் பிடித்தமே மாறிவிடும். மற்ற மாகாணங்களில் சி.பி.பி., கியூபெக்கில் க்யூ.பி.பி. 2025-ல் முதலாவது 5.95 சதவீதம், இரண்டாவது 6.4. அதே ஆண்டில் வேலையின்மைக் காப்பீடும் மற்ற இடங்களில் 1.64 சதவீதம், கியூபெக்கில் 1.31. அங்கே மகப்பேறு, பிள்ளை வளர்ப்பு விடுப்புக்கு மாகாணமே தனியாகக் காப்பீடு நடத்துகிறது, அதற்கு இன்னொரு பிடித்தம். வரியும் கியூபெக்கின் சொந்த வரித் துறைக்குப் போகும். ஆண்டு முடிவில் டி-4 என்ற ஆண்டுச் சம்பளப் படிவத்தோடு ஆர்.எல்.-1 என்ற கியூபெக் படிவமும் கொடுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் தப்பான ஊர் விழுந்தால் ஆறு இடத்தில் திருத்த வேண்டி வரும்.

ஆனால் இந்த மனிதர் டிசம்பர் 31 அன்று கியூபெக்கில் குடியிருக்கிறார் அல்லவா, அதனால் ஆண்டுக் கணக்கைக் கியூபெக்கில்தான் தாக்கல் செய்வார். ஒன்டாரியோ கணக்குப்படி நீங்கள் பிடித்தது அவருக்குப் போதாமல் போகலாம். கூடுதலாகப் பிடிக்கச் சொல்லி டி.டி.-1 படிவத்தில் அவர் எழுதிக் கொடுக்க முடியும். அவரிடம் அதைச் சொல்லச் சொல்லி உங்கள் டீம் லீடரிடம் கேளுங்கள். ஏப்ரலில் மொத்தமாகப் பணம் கட்ட வேண்டிய அதிர்ச்சி அவருக்கு இருக்காது.

கால்கரிக்காரர் விஷயம் கொஞ்சம் நுணுக்கம். முழுநேரமும் வீட்டிலிருந்து வேலை செய்ய ஒப்பந்தம் இருந்தால், அவர் நியாயமாக எந்த அலுவலகத்தோடு இணைந்தவர் என்று பார்க்க வேண்டும். 2024-லிருந்து கனடா வருவாய் முகமை இப்படித்தான் பார்க்கச் சொல்கிறது. இருப்பதே ஒட்டாவா அலுவலகம் ஒன்றுதான் என்பதால் அவருக்கும் ஒன்டாரியோ. அவர் ஆல்பர்ட்டாவாசி, ஆண்டு முடிவில் ஆல்பர்ட்டா வரியைத் தாக்கலில் சரிசெய்துகொள்வார்.

இதை வைத்து ‘எல்லாமே ஒன்டாரியோ’ என்று முடித்துவிடாதீர்கள். பொது விடுமுறை, விடுப்புச் சம்பளம், குறைந்தபட்ச ஊதியம் ஆகியவை ஆள் உட்கார்ந்து வேலை செய்யும் மாகாணச் சட்டப்படி. கால்கரிக்காரருக்கு ஆல்பர்ட்டா விடுமுறைப் பட்டியல். சில மாகாணங்களில் வித்தியாசம் பெரிது. ஒன்டாரியோவில் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் விடுப்பு, சஸ்காச்சுவானில் முதல் ஆண்டே மூன்று வாரம்.

நடு ஆண்டில் யாராவது வேறு மாகாண அலுவலகத்துக்கு மாறினால், ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனி டி-4. மாறிய தேதியை அன்றே எழுதி வையுங்கள். டிசம்பரில் தேடினால் கிடைக்காது.

கே: நான் பொம்மசந்திராவில் வேலை. மனைவி, குழந்தைகள் பென்னாகரத்தில். ஈ.எஸ்.ஐ. எண் கர்நாடகத்தில் இருப்பதால் அவர்களுக்குப் பென்னாகரத்தில் வைத்தியம் கிடைக்காது என்கிறார்கள்.
— தொழிலாளி, பென்னாகரம்

ப: கிடைக்கும். ஈ.எஸ்.ஐ. நாடு முழுவதும் ஒன்று. குடும்பம் வேறு ஊரில் இருந்தால் அவர்களுக்கு அந்த ஊருக்குப் பக்கத்து மருந்தகத்தைத் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். உங்கள் நிறுவனம் போர்ட்டலில் குடும்ப விவரத்தில் அந்த முகவரியைப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் எல்லாருக்கும் தொழிற்சாலை முகவரியையே போட்டுத் தள்ளிவிடுவார்கள். மாற்றிய பிறகு மின்-அட்டையைப் புதிதாக அச்செடுத்து வீட்டில் ஒரு நகல் வையுங்கள். அட்டையில் மனைவி பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். நம் பக்கம் இனிஷியல் முன்னே பின்னே போவதால்தான் பாதிப் பேர் மருந்தக ஜன்னலிலிருந்து திரும்புகிறார்கள்.

கே: காவேரிப்பட்டணம் மாங்கூழ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சீசனில் குப்பம் பக்கம் கொள்முதல் பார்க்க ஆறு வாரம் அனுப்புகிறார்கள். ஆந்திரத் தொழில் வரி கட்ட வேண்டுமா?
— வாசகர், காவேரிப்பட்டணம்

ப: கையில் பேட்டா கொடுத்து, சம்பளம் காவேரிப்பட்டணம் கணக்கிலேயே வந்தால் அது வேலைப் பயணம். நீங்கள் இங்கத்து ஆள்தான், இங்கத்து வரிதான். மாற்றல் உத்தரவு போட்டு, குப்பத்தில் நிறுவனத்துக்கே ஒரு கிளை இருந்து, அங்கத்து மஸ்டரில் உங்கள் பெயர் ஏறினால்தான் ஆந்திரக் கணக்கு. அங்கே மாதச் சம்பளம் 15,000 வரை இல்லை, 20,000 வரை 150, அதற்கு மேல் 200. உங்கள் ஆறு வாரத்துக்கு அது வராது.

கே: அத்திப்பள்ளி கம்பெனியிலிருந்து விலகினேன். கணக்கு முடிக்க 45 நாள் ஆகும், ‘கர்நாடகத்தில் அப்படித்தான்’ என்கிறார்கள்.
— வாசகர், தேன்கனிக்கோட்டை

ப: இதில் கர்நாடகம், தமிழ்நாடு என்ற பேச்சே இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகினாலும் விலக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைக் கொடுக்கச் சொல்கிறது. எழுத்தில் கேளுங்கள், இந்தத் தேதியைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

கே: ஓசூர் யூனிட்டில் எங்களுக்கு நவம்பர் 1 வேலை நாள், அத்திப்பள்ளி யூனிட்டில் லீவு. ஒரே கம்பெனியில் இது என்ன பாரபட்சம்? அப்புறம், தமிழ்நாட்டில் தேர்தல் வந்தால் அத்திப்பள்ளியில் வேலை செய்யும் நம் ஆட்களுக்கு லீவு உண்டா?
— தொழிலாளர், மத்திகிரி

ப: பாரபட்சம் இல்லை. தமிழ்நாட்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள், அதோடு பண்டிகை விடுமுறை ஐந்து, ஆக ஒன்பது. கர்நாடகத்தில் அந்த நான்கோடு நவம்பர் 1, கன்னட ராஜ்யோத்சவமும் சேரும், பண்டிகை ஐந்து, ஆக பத்து. ஓசூர் ஆள் அன்று அத்திப்பள்ளி ஷெட்டில் மாற்றலில் இருந்தால் அவருக்கும் லீவு உண்டு. அத்திப்பள்ளிப் பட்டியலில் பொங்கல் இருக்கிறதா, ஓசூர்ப் பட்டியலில் யுகாதி இருக்கிறதா என்பது பண்டிகை ஐந்தைத் தேர்வு செய்யும்போது நீங்கள் பேசி வாங்க வேண்டியது. நம் ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிற வீடுகள் இருக்கின்றன, அந்த ஐந்தைப் பார்த்துப் போடுவது நிர்வாகத்தின் கடமை என்றே நினைக்கிறேன்.

தேர்தலுக்கு உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு, ஓட்டுரிமை உள்ள தொழிலாளிக்கு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தரச் சொல்கிறது. தொழிற்சாலை எந்த மாநிலத்தில் என்று அது கேட்கவில்லை. வாக்காளர் அட்டை நகலை ஒரு வாரம் முன்பே டைம் ஆபீஸில் கொடுத்து, மஸ்டரில் அந்த நாளுக்கு நேரே ‘சம்பளத்துடன் விடுமுறை’ என்று எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.